தொடர் கல்விக்குச் சஞ்சிகை: திருகோணமலைக் குழந்தை வைத்தியர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

திருகோணமலையில் குழந்தைகள் விடுதியில் வேலை பார்க்கும் ஒருவர் கொழும்பில் நடக்கும் அரைநாள் கருத்தரங்குக்குப் போய்வர வேண்டுமென்றால், முதலில் டியூட்டிக்கு ஆள் பிடிக்க வேண்டும். இரவு பஸ்ஸிலோ ரயிலிலோ ஏற வேண்டும். திரும்பி வந்த கையோடு கசுவல்டியில் நிற்க வேண்டும். கந்தளாய், மூதூர், கிண்ணியா ஆதார வைத்தியசாலைகளில் இருப்பவர்களுக்கு இன்னும் சிரமம். புல்மோட்டை, குச்சவெளிப் பக்கம் தனியாக நிற்கும் மருத்துவ அதிகாரிக்கு அந்த யோசனையே வருவதில்லை. இப்படி இருக்கும்போது நம் மாவட்டத்தைத் தேடி வரக்கூடிய ஆசிரியர் என்றால் அது மருத்துவச் சஞ்சிகைதான்.

ஆனால் சஞ்சிகையை மேசையில் அடுக்கி வைப்பதாலோ பிடிஎஃப் கோப்புகளைக் கைபேசியில் சேர்த்து வைப்பதாலோ படிப்பு நடந்துவிடாது. அச்சிட்ட கல்விப் பொருட்கள் வைத்தியர்களின் நடைமுறையை மாற்றுகின்றனவா என்று பார்த்த, பல ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பின் ஆய்வுத் தொகுப்பு, மாற்றம் உண்டு, ஆனால் சிறியது என்றுதான் சொல்கிறது. அந்தச் சிறிய மாற்றத்தைக் கொஞ்சம் பெரிதாக்க என்ன செய்யலாம் என்பதற்குத்தான் இந்த வழிகாட்டி. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வாசிப்பு உங்கள் விடுதியில் படுத்திருக்கும் ஒரு குழந்தையிடமிருந்து தொடங்க வேண்டும், அதே விடுதியில் ஒரு மாற்றத்தில் போய் முடிய வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் வாசித்தது ஒரு மாதத்தில் கரைந்துவிடும்.

படி 1: மூன்று சஞ்சிகைகளைத் தேர்ந்தெடுங்கள், அதற்கு மேல் வேண்டாம்

சஞ்சிகைகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று புதிய ஆய்வுகளை வெளியிடுவது. மற்றது கற்பிப்பதற்காகவே நடத்தப்படுவது. வேலையில் இருப்பவருக்கு இரண்டாவது வகைதான் முதலில் தேவை, ஏனென்றால் அதில் யாரோ ஒருவர் நமக்காக நூறு கட்டுரைகளைப் படித்துச் சாரத்தை எடுத்து வைத்திருப்பார்.

கற்பிக்கும் வகைக்கு நல்ல உதாரணம், அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 1979இல் தொடங்கிய 'பீடியாட்ரிக்ஸ் இன் ரிவியூ' என்ற மாதச் சஞ்சிகை. அதன் அமைப்பைக் கவனித்தாலே தொடர் கல்வியை எப்படித் திட்டமிட வேண்டும் என்பது புரியும். கட்டுரையின் தலையில் ஒரு சிறு பெட்டி இருக்கும். வைத்தியர்கள் எந்த இடத்தில் தடுமாறுகிறார்கள் என்பதும், வாசித்து முடித்த பிறகு எதைச் செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்பதும் அதில் எழுதப்பட்டிருக்கும். எழுதியவருக்கு மருந்துக் கம்பனிகளோடு தொடர்பு உண்டா என்பதும் அங்கேயே சொல்லப்படும். கட்டுரையின் முடிவில் பலவிடைத் தேர்வு வினாக்கள். அவற்றுக்குச் சரியாகப் பதில் சொன்னால் அந்நாட்டு வைத்தியர்களுக்குத் தொடர் கல்விப் புள்ளி கிடைக்கும். தலைப்புகளும் ஆசிரியரின் விருப்பப்படி வருவதில்லை. குழந்தை மருத்துவப் பாடத்திட்டம் முழுவதும் சில ஆண்டுகளில் ஒரு சுற்று வந்து முடியும்படி திட்டமிடுகிறார்கள். இவை தவிர, நோயாளியின் கதையை மட்டும் கொடுத்து நோயைக் கண்டுபிடிக்கச் சொல்லும் பகுதியும் உண்டு. இரவு டியூட்டியில் ஒரு பிளேன்டீயோடு வாசிக்க அதைப்போல வேறொன்றில்லை.

பிரித்தானியாவிலிருந்து 1926 முதல் வரும் 'ஆர்க்கைவ்ஸ் ஒஃப் டிசீஸ் இன் சைல்ட்ஹூட்' சஞ்சிகைக்கு, கல்விக்கும் நடைமுறைக்குமென்று 2004 முதல் ஒரு தனிப் பதிப்பு வருகிறது. பக்கத்து நாட்டின் 'இந்தியன் பீடியாட்ரிக்ஸ்' 1964இல் தொடங்கியது. அங்கே வரும் குழந்தைகளும் நோய்களும் நம்முடையவற்றுக்கு நெருக்கம், பெரும்பாலான கட்டுரைகளை இலவசமாக வாசிக்கலாம்.

நம் நாட்டில் இலங்கைக் குழந்தை மருத்துவர் கல்லூரி வெளியிடும் 'ஸ்ரீலங்கா ஜேர்னல் ஒஃப் சைல்ட் ஹெல்த்' வருடத்துக்கு நான்கு முறை வருகிறது. இலங்கைச் சஞ்சிகைகளுக்கான ஓன்லைன் தளத்தில் முழுவதையும் காசில்லாமல் வாசிக்கலாம். இதை உங்கள் மூன்றில் ஒன்றாகக் கட்டாயம் வையுங்கள். கையில் இருக்கும் மருந்தும், செய்யக்கூடிய பரிசோதனையும், வார்ட்டில் தாய்மார் சொல்லும் கதையும் நம்முடையதாகவே இருக்கும் ஒரு கட்டுரையைப் படிப்பதில் தனிப் பயன் உண்டு.

படி 2: கட்டுரையைக் கையில் எடுப்பது

சந்தா விலை நம் சம்பளத்துக்கு எட்டாது. இது புதிய கதையுமல்ல. 1875இல் மொன்றியலில் வைத்தியர் வில்லியம் ஓஸ்லர் ஜேர்னல் கிளப்பை (கூடிச் சஞ்சிகை வாசிக்கும் குழுவை) தொடங்கியதற்கு ஒரு காரணமே, தனியாக வாங்க முடியாத சஞ்சிகைகளைக் கூட்டாக வாங்குவதுதான்.

நமக்கு இருக்கும் வழிகள் இவை. மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் தளமான பப்மெட்டில் தேடும்போது இலவச முழுக்கட்டுரை என்ற வடிகட்டியைப் போட்டால், பப்மெட் சென்ட்ரலில் இருப்பவை வந்து நிற்கும். உலக சுகாதார நிறுவனமும் பதிப்பகங்களும் சேர்ந்து 2002இல் தொடங்கிய ஹினாரி திட்டத்தில், பதிவு செய்த வைத்தியசாலைகளும் பல்கலைக்கழகங்களும் ஆயிரக்கணக்கான சஞ்சிகைகளைத் திறக்கலாம். தனி ஆளாகப் பதிய முடியாது, நிறுவனம்தான் பதிய வேண்டும். உங்கள் இடம் பதிந்திருக்கிறதா, கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்று நூலகத்திலோ நிர்வாகத்திலோ போய்க் கேளுங்கள். பட்டப்பின் படிப்புக்குப் பதிந்தவர் என்றால் மருத்துவப் பட்டப்பின் படிப்பு நிறுவனத்தின் நூலகமும் இருக்கிறது.

இவை எதுவும் சரிவராவிட்டால், கட்டுரையின் முதல் பக்கத்தில் தொடர்புக்குரிய ஆசிரியரின் மின்னஞ்சல் இருக்கும். நான்கு வரியில் மரியாதையாக எழுதுங்கள். நீங்கள் யார், எங்கே வேலை செய்கிறீர்கள், கட்டுரை எதற்கு வேண்டும், அவ்வளவுதான். பலர் அனுப்பி வைப்பார்கள். தங்கள் கட்டுரையைத் திருகோணமலையில் ஒருவர் வாசிக்க விரும்புகிறார் என்பது அவர்களுக்கும் சந்தோசம்தான்.

படி 3: குழந்தையிடமிருந்து கேள்வியை எடுங்கள்

அட்டவணையைப் பார்த்துக் கண்ணில் பட்டதை வாசிக்கும் பழக்கத்தை விடுங்கள். வார்ட் ரவுண்டில் உங்களுக்கு நிச்சயமில்லாமல் போன இடம் எது? அதுதான் இந்தக் கிழமைப் பாடம்.

நம் கரையோர ஊர்களில் படகு இயந்திரத்துக்கு வாங்கி வைக்கும் மண்ணெண்ணெய் குளிர்பான போத்தலில்தான் இருக்கும். தாகத்தில் ஒன்றரை வயதுக் குழந்தை இரண்டு மிடறு குடித்துவிடுகிறது. இருமிக்கொண்டே தூக்கி வருகிறார்கள். அடுத்த நாள் லேசான காய்ச்சல், எக்ஸ்-ரேயில் ஒரு நிழல். அன்டிபயோட்டிக் தொடங்குவதா? ஒருவர் ஆம் என்பார், ஒருவர் வேண்டாம் என்பார், கடைசியில் பயத்தில் தொடங்கிவிடுவார்கள்.

இந்தத் தயக்கத்தை நான்கு துண்டாக வெட்டுங்கள். யார்: மண்ணெண்ணெய் குடித்த, வேறு நோயில்லாத குழந்தை. என்ன செய்கிறோம்: தொடக்கத்திலேயே அன்டிபயோட்டிக். எதோடு ஒப்பிடுகிறோம்: கொடுக்காமல் கவனித்துப் பார்ப்பது. எதைப் பார்க்கிறோம்: நிமோனியா தீவிரமாகிறதா, ஒட்சிசன் தேவைப்படுகிறதா, எத்தனை நாள் படுக்கை. இப்படி வெட்டிய பிறகு பப்மெட்டில் மூன்று சொற்களைப் போட்டாலே போதும். வழமையாக அன்டிபயோட்டிக் கொடுப்பதை ஆதரிக்கச் சான்று இல்லை என்பதையும், முதல் நாள் காய்ச்சலும் எக்ஸ்-ரே நிழலும் எண்ணெய் நுரையீரலுக்குள் போனதால் வரும் இரசாயன அழற்சி என்பதையும், வாந்தி எடுக்க வைப்பதும் இரைப்பையைக் கழுவுவதும் நுரையீரலுக்குள் இன்னும் போவதற்கே வழி செய்யும் என்பதையும் ஒரே மாலையில் வாசித்து முடிக்கலாம். அடுத்த முறை அப்படி ஒரு குழந்தை வரும்போது உங்கள் கை தானாகச் சரியான இடத்துக்குப் போகும்.

'ஆர்க்கைவ்ஸ்' சஞ்சிகைக் குடும்பத்தில் 'ஆர்க்கிமிடீஸ்' என்று ஒரு பகுதி இருக்கிறது. வேலையில் இருக்கும் வைத்தியர்கள் இதே முறையில் கேள்வியை வெட்டி, தேடி, பதிலை ஓரிரு பக்கத்தில் எழுதுகிறார்கள். இரண்டு மூன்று வாசித்துப் பார்த்தால் இந்த முறை பிடிபட்டுவிடும்.

படி 4: வினாக்களை முதலில் செய்யுங்கள்

பெரும்பாலானோர் கட்டுரையை வாசித்துவிட்டு வினாக்களுக்கு வருவார்கள், அல்லது வினாக்களை விட்டே விடுவார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். முதலில் வினாக்களுக்குப் பதில் எழுதுங்கள், பிறகு வாசியுங்கள். எங்கே பிழைத்தீர்களோ அந்தப் பந்தி உங்களைப் பிடித்து நிறுத்தும்.

ஒரு கிழமை கழித்து, கட்டுரையைத் திறக்காமல் மீண்டும் அதே வினாக்கள். இதற்கு ஆதாரம் இருக்கிறது. உளவியலாளர்களான ரோடிகரும் கார்பிக்கியும் 2006இல் வெளியிட்ட பரிசோதனையில், ஒரு பகுதியை இரண்டு தரம் வாசித்தவர்களும், ஒரு தரம் வாசித்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களும் ஒப்பிடப்பட்டார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது இரண்டு தரம் வாசித்தவர்கள் முந்தினார்கள். ஒரு கிழமை கழித்து நிலைமை மாறியது: எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம் நினைவிருந்தது, திரும்ப வாசித்தவர்களுக்கு 42 சதவீதம். நமக்குத் தேவை ஒரு கிழமை கழித்து இரவு இரண்டு மணிக்கு நினைவில் இருப்பது.

வினா இல்லாத கட்டுரை என்றால் நீங்களே மூன்று எழுதுங்கள். எழுதும்போதே எது முக்கியம் என்பது தெளிந்துவிடும்.

படி 5: ஒரு ஆய்வைப் பிரித்துப் பார்ப்பது

கற்பிக்கும் கட்டுரைகளோடு நின்றுவிட முடியாது. ஏதோ ஒரு கட்டத்தில் மூல ஆய்வைத் திறக்க வேண்டும். பழகுவதற்கு நான் எல்லோருக்கும் கொடுப்பது 2011இல் 'நியூ இங்கிலண்ட் ஜேர்னல் ஒஃப் மெடிசின்' வெளியிட்ட ஃபீஸ்ட் ஆய்வை.

உகண்டா, கென்யா, தன்சானியா ஆகிய நாடுகளில், கடும் காய்ச்சலோடும் இரத்தவோட்டம் குறைந்த அறிகுறிகளோடும் வந்த 3141 குழந்தைகள். ஒரு பகுதியினருக்குச் சேலைன் போலஸ், அதாவது குறுகிய நேரத்தில் வேகமாக ஏற்றும் திரவம், ஒரு பகுதியினருக்கு அல்புமின் போலஸ், மிச்சப் பேருக்கு போலஸ் இல்லாமல், நாள் முழுக்க மெதுவாக ஏறும் வழமையான பராமரிப்புத் திரவம். போலஸ் உயிர் காக்கும் என்ற எதிர்பார்ப்பில்தான் தொடங்கினார்கள். 48 மணி நேரத்துக்குள் இறந்தவர்கள் அல்புமின் குழுவில் 10.6 சதவீதம், சேலைன் குழுவில் 10.5 சதவீதம், போலஸ் இல்லாத குழுவில் 7.3 சதவீதம். ஆய்வை இடையிலேயே நிறுத்தினார்கள். கணக்குப் போட்டால் ஏறத்தாழ 30 குழந்தைகளுக்கு போலஸ் கொடுத்ததில் ஒரு குழந்தை கூடுதலாக இறந்திருக்கிறது.

சரி, இதை வாசித்துவிட்டு நாளை காலை நாம் என்ன செய்வது? சுருக்கத்தோடு நிறுத்தியவர், இனி யாருக்கும் போலஸ் வேண்டாம் என்று கிளம்பிவிடுவார். அதனால்தான் முறைகள் என்ற பகுதியை வரி வரியாக வாசிக்கச் சொல்கிறேன். யாரைச் சேர்த்தார்கள் என்பதை விட யாரை விட்டார்கள் என்பதை முதலில் பாருங்கள். வயிற்றோட்டத்தால் நீர் வற்றிய குழந்தைகளை இந்த ஆய்வில் சேர்க்கவில்லை. கடும் ஊட்டக்குறைவு உள்ளவர்களையும் சேர்க்கவில்லை. ஆகவே மூதூரிலிருந்து கண் குழிந்து, கை குளிர்ந்து வரும் வயிற்றோட்டக் குழந்தைக்குத் திரவத்தை மறுக்க இந்த ஆய்வு அனுமதி தரவில்லை. அடுத்து அடிப்படை விவரங்களின் அட்டவணை. சேர்ந்தவர்களில் பாதிக்கு மேல் மலேரியா உள்ளவர்கள், மூன்றில் ஒரு பங்கினருக்குக் கடும் இரத்தச்சோகை. இலங்கையோ 2016 செப்டம்பரில் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனத்தின் சான்று பெற்றது. அந்த வைத்தியசாலைகளில் செயற்கைச் சுவாச வசதியும் இருக்கவில்லை.

அப்படியானால் நமக்கு இதில் ஒன்றுமில்லையா? நிறைய இருக்கிறது. காய்ச்சலோடு வரும் எல்லாக் குழந்தைக்கும் கண்ணை மூடிக்கொண்டு போலஸ் என்ற பழக்கத்தை அந்த எண்கள் கேள்வி கேட்கின்றன. கொடுத்தால் பக்கத்திலேயே நின்று, ஒவ்வொரு போலஸுக்குப் பிறகும் ஈரலைத் தொட்டுப் பார்த்து, மூச்சு வேகத்தை எண்ணி, நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டுவிட்டுத்தான் அடுத்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில்லாத பிரதேச வைத்தியசாலையில் இந்த எச்சரிக்கை இன்னும் கூடுதலாகப் பொருந்தும். ஒரே ஆய்விலிருந்து ஒரு குழந்தைக்குப் பொருந்தாத பாடமும் இன்னொரு குழந்தைக்குப் பொருந்தும் பாடமும் எடுக்கத் தெரிந்தால், அதற்குப் பிறகு எந்த ஆய்வையும் நீங்கள் பயப்படாமல் திறக்கலாம்.

இன்னொன்று. பப்மெட்டில் கட்டுரைக்கு மேலே அது திரும்பப் பெறப்பட்டதா என்ற அறிவிப்பு இருக்கிறதா என்று பார்ப்பதைப் பழக்கமாக்குங்கள். சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லாவுக்கான எம்எம்ஆர் தடுப்பூசியையும் ஓட்டிசத்தையும் முடிச்சுப் போட்ட, வெறும் 12 குழந்தைகளைப் பற்றிய கட்டுரை 1998இல் 'லான்செட்'டில் வந்தது. முழுமையாகத் திரும்பப் பெற 2010 வரை எடுத்தது. அதனால் எழுந்த பயத்தோடு பெற்றோர் இன்றும் நம்மிடம் வருகிறார்கள்.

படி 6: ஒரு விஷயத்தை ஆண்டு வரிசையில் தொடருங்கள்

சஞ்சிகை கற்றுத்தரும் மிகப் பெரிய விஷயம் எனக்கு இதுதான்: நாம் கண்ணை மூடிக்கொண்டு செய்யும் வேலைகளுக்கும் ஒரு பிறந்த தேதி இருக்கிறது, அவற்றைத் திருத்திய தேதியும் இருக்கிறது.

பராமரிப்புத் திரவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் 10 கிலோவுக்குக் கிலோவுக்கு 100 மில்லிலீற்றர், அடுத்த 10 கிலோவுக்கு 50, அதற்கு மேல் 20. 12 கிலோக் குழந்தைக்கு ஒரு நாளுக்கு 1100 மில்லிலீற்றர், மணிக்கு ஏறத்தாழ 46. மருத்துவ பீடத்தில் படித்த யாருக்கும் இது மனப்பாடம். இது 1957இல் ஹொலிடேயும் சேகரும் 'பீடியாட்ரிக்ஸ்' சஞ்சிகையில் எழுதிய ஒரு கட்டுரை. அதே கட்டுரையில் எவ்வளவு உப்பு சேர்க்க வேண்டும் என்றும் சொன்னார்கள். அந்தக் கணக்கு தாய்ப்பாலிலும் பசுப்பாலிலும் உள்ள அளவை ஒட்டியது. அதனால்தான் உப்புக் குறைந்த சேலைன்கள் உலகம் முழுக்கக் குழந்தைகள் விடுதிகளில் இடம்பிடித்தன.

நோயுற்ற குழந்தையின் உடல் ஆரோக்கியமான குழந்தையின் உடலைப் போல நடந்துகொள்வதில்லை. நிமோனியா, மூளைக்காய்ச்சல், வலி, வாந்தி, சத்திரசிகிச்சை இவை எல்லாமே சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஹோர்மோனைக் கூட்டும். நீர் உடலுக்குள்ளேயே தங்கும். உப்புக் குறைந்த சேலைனும் சேர்ந்தால் இரத்தத்தில் சோடியம் இறங்கும், மூளை வீங்கும், வலிப்பு வரும். குழந்தைகள் இறந்ததாகச் சஞ்சிகைகளில் அறிக்கைகள் வந்தன. 2007இல் பிரித்தானியா 0.18 சதவீத சேலைனைக் குழந்தைகளுக்கான பொது விடுதிகளிலிருந்து எடுக்கச் சொன்னது. 2015இல் மெல்பேர்னிலிருந்து 'லான்செட்'டில் வந்த ஆய்வில், லீற்றருக்கு 140 மில்லிமோல் சோடியம் உள்ள திரவம் பெற்றவர்களில் 4 சதவீதத்தினருக்குத்தான் சோடியம் இறங்கியது. 77 மில்லிமோல் பெற்றவர்களில் 11 சதவீதம். 2018இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம், 28 நாள் முதல் 18 வயது வரை பராமரிப்புக்கு இரத்தத்தோடு உப்புச் செறிவு சமமான திரவத்தையே கொடுக்கச் சொல்லி வழிகாட்டி வெளியிட்டது.

அறுபது வருடம். அளவு பற்றிய பாதி இன்னும் நிற்கிறது, உப்பு பற்றிய பாதி விழுந்துவிட்டது. இந்த நான்கு கட்டுரைகளையும் வரிசையாக வாசித்த ஒரு ஹவுஸ் ஒபிசர், திரவம் எழுதும்போது பையின் பெயரை வாசிக்காமல் கையெழுத்துப் போட மாட்டார். வழிகாட்டியை மட்டும் மனப்பாடம் செய்தவரைப் பற்றி எனக்கு அந்த உறுதி இல்லை.

இதே போல உங்களுக்குப் பிடித்த ஒன்றை எடுத்துத் தொடருங்கள். பிராங்கியோலைட்டிஸுக்கு (கைக்குழந்தைகளின் நுண் மூச்சுக்குழாய் அழற்சிக்கு) நெபுலைஸ் செய்வது நல்ல தலைப்பு: அமெரிக்கக் கழகத்தின் 2006 வழிகாட்டி, மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமோலை ஒரு தரம் கொடுத்துப் பார்க்கலாம் என்றது, 2014 வழிகாட்டி கொடுக்கவே வேண்டாம் என்றது.

படி 7: மழைக்கு முன் டெங்குவை வாசியுங்கள்

ஒக்டோபரில் நம் பக்கம் மழை தொடங்கும். அதன் பிறகு காய்ச்சல் வார்ட் நிரம்பும்போது வாசிக்க நேரம் கிடைக்காது. செப்டம்பரிலேயே முடித்துவிடுங்கள். 2017 மார்ச்சில் கிண்ணியா பட்ட பாட்டை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. அந்த ஆண்டு நாடு முழுக்க 1,86,000க்கும் அதிகமானோர் டெங்கு சந்தேகத்தில் பதிவானார்கள்.

சுகாதார அமைச்சின் தொற்றுநோயியல் பிரிவு கிழமைதோறும் இலவசமாக வெளியிடும் அறிக்கையைப் பலர் சஞ்சிகையாகவே கணக்கில் எடுப்பதில்லை. முதல் பக்கத்தில் ஒரு கற்பிக்கும் கட்டுரை, உள்ளே மாவட்ட வாரியாக ஓர் அட்டவணை. திருகோணமலை வரியில் விரலை வைத்து இடமிருந்து வலம் போங்கள்: டெங்கு, வயிற்றுளைவு, மூளை அழற்சி, நெருப்புக்காய்ச்சல், எலிக்காய்ச்சல், டைபஸ், மஞ்சட்காமாலை. ஒவ்வொரு நோய்க்கும் இரண்டு நிரல், ஒன்று அந்தக் கிழமைக்கு, மற்றது வருடத் தொடக்கத்திலிருந்து. எந்த எண் ஏறுகிறதோ அதுதான் அடுத்த வாசிப்பு.

டெங்குவில் ஒரு எச்சரிக்கை. உலக சுகாதார நிறுவனம் 2009இல் எச்சரிக்கை அறிகுறி உள்ள டெங்கு, இல்லாத டெங்கு, கடும் டெங்கு என்று வகுத்தது. நம் நாட்டு வழிகாட்டி டெங்கு காய்ச்சல், டெங்கு இரத்தப்பெருக்குக் காய்ச்சல் என்று பிரித்து, இரத்தக் குழாய்களிலிருந்து பிளாஸ்மா கசிவு தொடங்கும் நேரத்தைப் பிடிப்பதிலேயே எல்லாவற்றையும் வைத்திருக்கிறது. 20 கிலோக் குழந்தைக்குக் கசிவுக் கட்டம் முழுவதற்கும் ஒதுக்கப்படும் திரவம், பராமரிப்பு 1500உம் உடல் எடையின் ஐந்து சதவீதமாக 1000உம் சேர்த்து 2500 மில்லிலீற்றர் என்ற கணக்கு நம் வழிகாட்டிக்குரியது. வெளிநாட்டுக் கட்டுரையை வாசிக்கும்போது அது எந்த வகைப்பாட்டில் பேசுகிறது என்பதை முதலில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். குறிக்காமல் வாசித்தால் இரண்டும் தலைக்குள் கலந்துவிடும், கலந்த இடத்தில்தான் குழந்தைக்குத் திரவம் கூடும் அல்லது குறையும்.

படி 8: மற்றவர்களோடு வாசியுங்கள்

கிழமைக்கு அரை மணி நேரம் போதும். கசுவல்டி இல்லாத நாளில், ரவுண்ட் முடிந்து, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன். ஒருவர் குழந்தையின் கதையை மூன்று நிமிடத்தில் சொல்ல வேண்டும். ஒருவர் கட்டுரையை எடுத்துவர வேண்டும். மிச்ச நேரம் ஒரே கேள்விக்கு: இதை நாம் இங்கே செய்யலாமா? பவர்பொயின்ட் வேண்டாம். அது வந்தாலே விரிவுரையாகிவிடும், மற்றவர்கள் போனை எடுத்துவிடுவார்கள்.

தாதியரையும் கூப்பிடுங்கள். திரவப் பம்பை ஓட்டுபவர் அவர், சிறுநீரை அளப்பவர் அவர். ஒரு தடவை இப்படிப் பேசிக்கொண்டிருந்தபோது, மணிக்கு 46 மில்லிலீற்றர் என்று நீங்கள் அழகாக எழுதுகிறீர்கள், பம்ப் இல்லாத கட்டிலில் அதைத் துளியாக எண்ணி ஓட்டுவது எங்கள் வேலை டொக்டர் என்று ஒரு மிஸ் சொன்னார். அன்றிலிருந்து அந்த விடுதியில் திரவச் சீட்டில் மில்லிலீற்றரோடு நிமிடத்துக்கு எத்தனை துளி என்பதும் எழுதப்பட்டது. அந்த யோசனை எந்தக் கட்டுரையிலும் இருக்கவில்லை. கட்டுரையைச் சுற்றி உட்கார்ந்ததால் வந்தது.

மொழியைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். கட்டுரை ஆங்கிலத்தில் இருக்கட்டும், பேச்சு தமிழிலும் சிங்களத்திலும் கலந்து ஓடட்டும். தூரத்து வைத்தியசாலைகளில் இருப்பவர்களை வட்ஸ்அப் அழைப்பில் சேர்க்கலாம். ஆனால் குழந்தையின் பெயர், முகம், படுக்கைச் சீட்டின் படம் எதுவும் அந்தக் குழுவுக்குள் போகக் கூடாது.

படி 9: ஒன்றை மாற்றி, எண்ணிப் பாருங்கள்

பிராங்கியோலைட்டிஸ் கட்டுரையை வாசித்தாயிற்று. இனி போன பருவத்தில் அந்த நோயோடு அனுமதிக்கப்பட்ட 20 குழந்தைகளின் பெட் ஹெட் டிக்கெட்டுகளை (படுக்கைச் சீட்டுகளை) எடுங்கள். எத்தனை பேருக்குச் சால்பியூட்டமோல் நெபுலைஸ் எழுதப்பட்டது, எத்தனை பேருக்கு எக்ஸ்-ரே, எத்தனை பேருக்கு அன்டிபயோட்டிக். ஒரு தாளில் மூன்று நிரல் போதும். முடிவைக் கொன்சல்டன்டிடம் காட்டி, விடுதியில் என்ன மாற்றலாம் என்று முடிவெடுத்துவிட்டு, அடுத்த பருவத்தில் மீண்டும் 20 எண்ணுங்கள். தொடர் கல்விப் பதிவேட்டில் எழுத இதைவிட உறுதியான ஒன்று கிடையாது.

பதிவேட்டைப் பொறுத்தவரை, தேதி, கட்டுரையின் தலைப்பு, எந்தக் குழந்தை பற்றிய கேள்வி (பெயரில்லாமல்), என்ன மாறியது என்று நான்கு வரி எழுதினால் போதும். கடைசி வரி அடிக்கடி காலியாக இருந்தால் வாசிக்கும் முறையை மாற்ற வேண்டும் என்று அர்த்தம்.

படி 10: எழுதுங்கள்

சஞ்சிகை கற்றுத்தருவதில் அதிகம், அதற்கு எழுதும்போதுதான் நடக்கிறது. ஒரே ஒரு நோயாளியைப் பற்றி எழுத உட்கார்ந்தால், அந்த நோயைப் பற்றி இதுவரை வந்த எல்லாவற்றையும் வாசிக்க வேண்டிவரும். பிறகு முகம் தெரியாத மதிப்பாய்வாளர் ஒருவர் உங்கள் வாதத்தில் ஓட்டை எங்கே என்று எழுதி அனுப்புவார். காசு கொடுத்தாலும் கிடைக்காத தனிப்பட்ட வகுப்பு அது. கோபப்படாமல் ஒவ்வொரு கேள்விக்கும் பதில் எழுதுங்கள்.

தொடக்கத்துக்கு நம் நாட்டுச் சஞ்சிகையில் வரும் படக்கதைப் பகுதி வசதியானது: ஒரு படம், ஒரு குறுகிய வரலாறு, சில பந்திகள். அழைப்பு அனுப்பி, நான்கு நாளில் பிரசுரிக்கிறோம், கட்டணம் மட்டும் கட்டுங்கள் என்று வரும் மின்னஞ்சல்களை அழித்துவிடுங்கள். ஒழுங்கான சஞ்சிகை நான்கு நாளில் மதிப்பாய்வு செய்யாது.

படம் எடுக்கும் முன் பெற்றோரின் எழுத்து மூல சம்மதம் வேண்டும். படிவத்தைத் தாய்க்கு வாசிக்கத் தெரிந்த மொழியில் கொடுங்கள், தமிழோ சிங்களமோ. இணையத்தில் வந்தால் உலகில் யாரும் பார்க்கலாம், பிறகு எடுக்க முடியாது என்பதை வாயாலும் சொல்லுங்கள். வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றால் நேரம் கொடுங்கள். வேண்டாம் என்றால் அந்தக் கதை அங்கேயே நிற்கட்டும். குழந்தையின் சிகிச்சையில் ஒன்றும் மாறாது என்பதைச் சம்மதம் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.